தலைப்பில்லாச் சேலை: தமிழ் இலக்கியத் தளங்களும் முதன்மைத் தலைப்பும்

சென்ற மாதம் ஓர் ஆய்வு மாணவி என்னைத் தேடிச் சென்னிமலைக்கு வந்திருந்தார். கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிய ஆய்வு அவருடையது. பேச்சினிடையே, எங்கள் ஊர் நெசவாளர் ஒருவர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய நீண்ட கட்டுரையொன்றைக் குறிப்பிட்டேன். பாவு விரித்த தெருக்கள், நூல் விலை ஏறிய மாதங்களில் சங்க வாசலில் நின்ற வரிசை, போர்வையையும் துண்டையும் கைத்தறிக்கென ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தை ஊர்க்காரர்கள் முதலில் நம்பியதும் பிறகு நம்பாமற்போனதும் என்று, புள்ளிவிவர அறிக்கை எதிலும் கிடைக்காத செய்திகள் நிரம்பிய கட்டுரை. எழுதியவர் இப்போது உயிருடன் இல்லை. இலக்கிய இணைய இதழ் ஒன்றில் அது வந்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறது.

"எல்லா வார்த்தையும் போட்டுத் தேடிப் பார்த்துட்டனுங்க சார், அப்படி ஒண்ணும் வரலீங்க. அந்த அத்தியாயத்தை எழுதிக் குடுத்தும் ஆச்சுங்க" என்றார் மாணவி.

நானும் தேடினேன். சென்னிமலை, நெசவு, கைத்தறி, கூட்டுறவு என்று மாற்றி மாற்றி இட்டபோது வந்தவை எல்லாம் போர்வை விற்கும் பக்கங்கள். ஒரே தலைப்பில் ஊர்ப்பெயரை நான்கு முறை எழுதியவை, "குறைந்த விலை", "ஒரிஜினல்" என்று கூவுபவை. அவற்றில் எத்தனை கைத்தறியில் நெய்யப்பட்டவை என்று நான் சொல்லத் தேவையில்லை. கடைசியில் அவ்விதழை நடத்தும் நண்பரைத் தொலைபேசியில் பிடித்தேன். எந்த இதழ், எந்த மாதம் என்பது அவர் நினைவில் இருந்ததால் இரண்டே நிமிடத்தில் சுட்டி வந்துவிட்டது. ஆசிரியரின் ஞாபகத்தையே தேடுபொறியாக நம்பும் ஓர் இலக்கியத்தின் ஆயுள் எவ்வளவு என்று அப்போது தோன்றியது.

பக்கத்தைத் திறந்து அதன் மூலநிரலைப் பார்த்தேன். கட்டுரையின் பெயர் "இழை". ஓவியர் ஒருவர் அழகாக எழுதிக்கொடுத்த அப்பெயர் அங்கே ஒரு படமாக ஒட்டப்பட்டிருக்கிறது. படத்துக்கு மாற்றுரை ஏதும் இல்லை. எச்டிஎம்எல் நிரலில் முதன்மைத் தலைப்புக்கென்றே உள்ள எச்1 என்ற குறிக்குள் இருப்பது இதழின் பெயர். அந்த இதழின் எல்லாப் பக்கங்களிலும் அதே எச்1, அதே பெயர். உட்தலைப்புகள் தடித்த சிவப்பு எழுத்தில் உள்ளன. கண்ணுக்குத் தலைப்பு, நிரலின்படி வெறும் பத்தி. சென்னிமலை என்ற சொல் "சென்னிமலையிலிருந்து", "சென்னிமலைக்காரர்களுக்கு" என்று உருபுகளோடு ஒட்டிக்கொண்டு வருகிறதேயன்றி, தனிச்சொல்லாக முதலில் தலைகாட்டுவது ஒன்பதாம் பத்தியில்.

இதை நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ஏப்பா, தலைப்புன்னா என்ன கடைப் பலகையா? அந்த வியாபார வித்தையெல்லாம் நம்முளுக்கு எதுக்கு?" என்றார்.

இக்கட்டுரை அந்தச் சிரிப்பை எதிர்த்து எழுதப்படுவது. நண்பர் ஒருவரை மட்டும் குறைசொல்லவில்லை. தமிழ் இலக்கியத் தளங்களில் பெரும்பாலானவை இந்த மனநிலையில்தான் நடக்கின்றன. சந்தையை வெறுப்பதில் எனக்கும் சம்மதமே. ஆனால் சந்தையின் மீதுள்ள வெறுப்பைக் காட்ட நம் கட்டுரையின் முகத்தில் நாமே கரி பூசிக்கொள்வது என்ன நியாயம்?

தறி உள்ள ஊரில் தலைப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது சேலைத் தலைப்பு. சேலையின் உடல் வேறு, கரை வேறு, தலைப்பு வேறு. தலைப்பை நெய்யும்போது நெசவாளர் ஊடையை மாற்றுகிறார், நிறத்தை மாற்றுகிறார், நேரம் அதிகம் எடுத்துக்கொள்கிறார். கடையில் வாங்குபவர் முதலில் விரிக்கச் சொல்வதும் அதைத்தான். உடலின்மேல் சாயத்தால் ஒரு பட்டை தீட்டிவிட்டு இதுதான் தலைப்பு என்றால் எந்த நெசவாளரும் ஒப்பமாட்டார். அது துணியோடு சேர்ந்து நெய்யப்பட்டிருக்க வேண்டும். சாதாரணப் பத்தி ஒன்றைப் பெரிதாக்கிச் சிவப்படித்துத் தலைப்பென்று காட்டும் நம் தளங்கள் செய்வது சாயப் பட்டை வேலை.

எச்1 முதல் எச்6 வரையிலான தலைப்புக் குறிகள் வியாபாரிகள் கண்டுபிடித்தவை அல்ல. 1991இல் டிம் பெர்னர்ஸ்-லீ முதன்முதலாகத் தொகுத்த சிறிய குறிப்பட்டியலிலேயே அவை உள்ளன. அப்போது கூகுள் இல்லை, இணையத்தில் கடைகளும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் எழுதப்படும் ஆவணங்களில் எது தலைப்பு, எது உட்தலைப்பு, எது பத்தி என்று இயந்திரத்துக்கும் மனிதருக்கும் ஒருசேர விளங்க வைப்பதே நோக்கம். எழுத்தின் அளவு என்பது அக்குறியின் விளைவு, பொருளன்று. பொருளை விட்டுவிட்டு விளைவை மட்டும் பிடித்துக்கொண்டோம். பிறகு வந்த விளம்பரத் தரகர்கள் பொருளைப் பிடித்துக்கொண்டார்கள். யார்மேல் கோபப்படுவது?

நம்முடைய வழக்கத்துக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு, அதை மறுக்கவில்லை. அச்சுச் சிற்றிதழ்களில் தலைப்பெழுத்து என்பதே ஒரு கலை. ஆதிமூலத்தின் எழுத்துகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த அழகை இணையத்துக்கும் கொண்டுவரும் ஆசை இயல்பானது. மேலும் தொடக்க காலத்தில் தமிழ் எழுத்துக்கு ஒரு பொதுமுறை இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியேற்றங்கள் வந்தன, டிஸ்கி தனியே ஓடியது, நாளிதழ்கள் ஒவ்வொன்றும் தத்தம் எழுத்துருவைத் திணித்தன. எழுத்துரு இல்லாத கணினியில் தலைப்பு குப்பையாய்த் தெரியும் என்பதால் படமாக ஒட்டினார்கள். தேடுபொறிக்கும் அந்தப் பக்கங்கள் இலத்தீன் கிறுக்கல்களாகவே தெரிந்தன. அன்று அது வேறு வழியில்லாமல் செய்தது. ஆனால் 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்து, ஒருங்குறியைத் தமிழக அரசும் தரமாக ஏற்று, ஆண்டுகள் பல உருண்டோடிவிட்டன. தமிழ் எழுத்துருவைத் தளத்தோடு சேர்த்தே அனுப்பும் வசதியும் வந்து நெடுநாளாகிறது. ஓவிய எழுத்துதான் வேண்டுமென்றால் அந்தப் படத்தையே எச்1 குறிக்குள் வைத்து, அதன் மாற்றுரையில் பெயரைத் தமிழில் எழுதலாம். அழகும் கெடாது. இன்றும் படத்தை மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதை அழகுணர்ச்சி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது சோம்பல்.

தலைப்பு ஆசிரியனின் சுதந்திரம், அதில் தேடுபொறிக்கு என்ன வேலை என்பது அடுத்த வாதம். சுதந்திரத்தில் கைவைக்க வேண்டாம். ஆனால் தலைப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆர். ஷண்முகசுந்தரத்தின் "நாகம்மாள்" 1942இல் வந்த நாவல். கொங்கு வட்டார நாவலுக்கு அதுவே தலைவாசல். அச்சுப் புத்தகத்தில் அந்த ஒற்றைப் பெயர் போதும். அட்டையில் ஆசிரியர் பெயர் உண்டு, கடைக்காரர் அதை நாவல் வரிசையில் வைத்திருப்பார், நூலகத்தில் பட்டியல் உண்டு. அதே நாவலைப் பற்றிய கட்டுரையை வெறும் "நாகம்மாள்" என்ற தலைப்பில் இணையத்தில் விட்டால் அது கோயில் திருவிழாக்களுக்கும் இரங்கல் அறிவிப்புகளுக்கும் நடுவே போய் விழுகிறது. அவருடைய "அறுவடை"யின் கதி இன்னும் மோசம். நெல் அறுவடை இயந்திர வாடகையோடு போட்டியிட வேண்டும். தொ.மு.சி. ரகுநாதன் நெசவாளர் வாழ்வை எழுதிய "பஞ்சும் பசியும்" (1953) ஓரளவு தப்பித்துக்கொள்கிறது, அந்த இரு சொற்களும் வேறெங்கும் அப்படிச் சேர்ந்து வருவதில்லை என்பதால். ஆக "நாகம்மாள்: ஆர். ஷண்முகசுந்தரத்தின் நாவல்" என்று எச்1இல் எழுதினால் எந்தக் கலை அழிகிறது? (ஷண்முகசுந்தரமா சண்முகசுந்தரமா என்ற சண்டையைப் பிறிதொரு நாள் வைத்துக்கொள்ளலாம். தலைப்பில் ஒன்றும் முதல் பத்தியில் மற்றொன்றும் இருந்தால் இரு தரப்பாரும் வந்துசேர்வார்கள்.)

இணையப் பக்கம் புத்தகத்தின் தாளைப் போன்றதன்று. தேடி வருபவர் கையில் அது ஒற்றை ஏடாகவே கிடைக்கிறது. கட்டு இல்லை, அட்டை இல்லை, முன்னேடும் பின்னேடும் இல்லை. சுவடி படித்தவர்களுக்கு இந்த நிலை நன்கு தெரியும். ஓலையில் புள்ளியும் பத்தியும் இன்றி எழுத்து ஓடும்; கட்டிலிருந்து பிரிந்த ஓர் ஏடு எந்த நூலுடையது என்று கண்டுபிடிக்க உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் பட்ட பாட்டை நாம் கண்ணீர் மல்கப் பேசுகிறோம். ஏட்டின் விளிம்பில் நூற்பெயரையோ பகுதியின் பெயரையோ குறித்துவைத்த புண்ணியவான்களும் இருந்தார்கள். அந்த விளிம்புக் குறிப்புதான் எச்1. தாத்தா ஓலையில் செய்ததைப் பேரன் கணினியில் செய்ய மறுப்பதற்குக் கலைச் சுதந்திரம் என்று பெயர் வைக்கிறான்.

இன்னும் பழைய சான்று வேண்டுமா? பதிற்றுப்பத்தை எடுங்கள். ஐயர் அதை 1904இல் பதிப்பித்தார். முதற்பத்தும் பத்தாம்பத்தும் போய்விட்டன. எஞ்சிய எண்பது பாட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் துறை, வண்ணம், தூக்கு, பெயர் என்று குறிப்பு உண்டு. பெயர் எங்கிருந்து வந்தது? பாட்டுக்குள்ளிருந்தே, பிற எங்கும் காணாத ஓர் அரிய தொடரைப் பொறுக்கியெடுத்துச் சூட்டியிருக்கிறார்கள். "புண்ணுமிழ் குருதி" என்றால் அது ஒரே பாட்டு, வேறு எதனோடும் குழம்பாது. குறுந்தொகையில் தம் பெயரே தொலைந்துபோன புலவருக்குப் பாட்டிலுள்ள தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று பெயரிட்டவர்களும் இவ்வினத்தாரே. திருக்குறளின் 133 அதிகாரப் பெயர்களைச் சொல்லவே வேண்டாம். பெயர் தனித்து நிற்க வேண்டும், உள்ளடக்கத்திலிருந்தே பிறக்க வேண்டும், அது எவ்வகைப் பாட்டு என்பதும் கூடவே குறிக்கப்பட வேண்டும் என்ற மூன்றும் நம் தொகுப்பாளர்களுக்குத் தெரிந்திருந்தன. இன்று இதையே எஸ்.இ.ஓ. என்ற பெயரில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். நாம் முகத்தைச் சுளிக்கிறோம்.

காசு வாங்குகிறவர்களையும் சும்மா விடுவதற்கில்லை. எச்1 போட்டால் முதற்பக்கம் நிச்சயம் என்று விற்பவர் ஏமாற்றுக்காரர். ஒரு பக்கத்தில் எச்1 ஒன்றுக்கு மேல் இருந்தாலும், இல்லவே இல்லாவிட்டாலும் தங்கள் பொறி சமாளித்துக்கொள்ளும் என்று கூகுளின் ஜான் மியூலர் 2019இலேயே சொல்லிவிட்டார். பக்கத்தின் தலையில் மறைத்து அடுக்கிய திறவுச்சொற் பட்டியலைத் தரவரிசைக்குத் தாங்கள் பார்ப்பதே இல்லை என்று 2009 செப்டம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது. அதற்குப் பிறகும் அப்பட்டியலைக் கட்டிக்கொடுத்துப் பிழைத்தவர்கள் உண்டு. தலைப்பில் ஊர்ப்பெயரை நான்கு முறை எழுதுவதும் அதே ரகம். சோலாப்பூர் விசைத்தறி விரிப்பு பவானி ஜமக்காளம் என்ற பெயரில் விற்கப்படுகிறது என்பது பவானிக்காரர்களின் நெடுநாள் குறை. புவிசார் குறியீடு பெற்ற பிறகும் அது தீரவில்லை. பெயரை உடையவர் எழுதி வைக்காத இடத்தில், உடைமையில்லாதவர் எழுதிக்கொள்கிறார். இணையத்தில் சென்னிமலை என்ற சொல்லுக்கு நேர்ந்துகொண்டிருப்பதும் அதுவே.

எச்1 மந்திரமில்லை என்றால் எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். தேடல் முடிவில் காட்டும் தலைப்பைப் பொறி எங்கிருந்து எடுக்கிறது என்பதைப் பாருங்கள். முன்பெல்லாம் பெரும்பாலும் டைட்டில் குறியிலிருந்து. 2021 ஆகஸ்டில் கூகுள் இதை மாற்றியது. டைட்டில் குறி காலியாகவோ எல்லாப் பக்கத்திலும் ஒன்றாகவோ இருந்தால், வாசகர் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை, குறிப்பாக எச்1இல் உள்ளதை, எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. நம் இதழ்களில் டைட்டிலும் இதழின் பெயர், எச்1உம் இதழின் பெயர். ஆக ஆயிரம் கட்டுரைகள் ஆயிரம் முகமூடிகளை அணிந்துகொண்டு, எல்லாம் ஒரே முகமாக வரிசையில் நிற்கின்றன. தேடுபவர் எதைச் சொடுக்குவார்? இன்றைக்கோ சுட்டிகளுக்கும் மேலே இயந்திரமே ஒரு விடையைத் தொகுத்து வைத்துவிடுகிறது. எது தலைப்பு, எது யாருடைய கூற்று என்று தெளிவாகப் பிரித்து வைத்தவன் பக்கத்தை அது எளிதில் படிக்கும். நெசவாளர் சங்கங்களைப் பற்றிய விடை போர்வைக் கடையின் விளம்பரத்திலிருந்து தொகுக்கப்படும் நாள் வந்துவிட்டது என்றே அஞ்சுகிறேன்.

தமிழுக்கென்று தனியாக ஒரு காரணமும் இருக்கிறது. இதை ஆங்கில வழிகாட்டிகள் சொல்வதில்லை. நம் மொழியில் பெயர்ச்சொல் உரைநடையில் தனியே நிற்பது குறைவு. மலையில், மலைக்கு, மலையிலிருந்து, மலைக்காரர் என்று உருபும் சாரியையும் ஒட்டி உருமாறிக்கொண்டேயிருக்கும். தேடுபவரோ எழுவாயாகத்தான் தட்டுகிறார், பெரும்பாலும் வல்லெழுத்து மிகாமல். ஆங்கிலச் சொல்லின் பன்மையைப் பொறி எளிதில் ஒருமையோடு சேர்த்துவிடுகிறது. தமிழ் வேற்றுமைகளை அவ்வளவு நம்பகமாகச் சேர்ப்பதாக என் அனுபவத்தில் தெரியவில்லை. சொல் தன் இயல்பான வடிவில், உருபு ஏதும் சுமக்காமல் நிற்கக்கூடிய ஒரே இடம் தலைப்பு. அந்த இடத்தையும் படத்துக்குத் தாரை வார்த்துவிட்டால் சொல்லுக்கு நிற்க இடமே இல்லை. (இதற்காக ஒற்றை விட்டுவிட்டு எழுதுங்கள் என்று சொல்லமாட்டேன். "சென்னிமலைக் கைத்தறி" என்றே எழுதுங்கள். இன்னொரு தலைப்பில் "கைத்தறியும் சென்னிமலையும்" என்று வாக்கியத்தைத் திருப்பினால் போயிற்று.)

தேடுபொறியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதும் ஒருவகையில் பிழை. பார்வையற்ற வாசகர்களை நினைத்துப் பாருங்கள். 2006இல் தொடங்கப்பட்ட என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம், 1ஐ அழுத்தினால் முதன்மைத் தலைப்புக்கு. தமிழையும் அது வாசிக்கும். அம்மென்பொருளோடு நம் இதழுக்கு வரும் ஒருவர் 1ஐ அழுத்துகிறார். இதழின் பெயர் காதில் விழுகிறது. அடுத்த பக்கத்துக்குப் போகிறார். மீண்டும் இதழின் பெயர். சிவப்பில் தடித்த உட்தலைப்புகள் அவருக்கு இல்லை. படத்திலுள்ள "இழை" அவருக்கு இல்லவே இல்லை. ஓரங்கட்டப்பட்டோர் குரல் என்று சிறப்பிதழ் போட்ட பக்கங்களையும் திறந்து பார்த்தேன். அங்கேயும் இதே கதை.

எங்கள் ஊருக்கு இந்தப் பாடம் புதிதன்று. 1904இல் சென்னிமலையில் பிறந்து, 1932 ஜனவரியில் கொடியைக் கையில் பிடித்தபடி தடியடிபட்டு இறந்த குமரன், நாட்டுக்குத் திருப்பூர் குமரன். அடி விழுந்த ஊரே பெயரின் முன்னொட்டாயிற்று. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை, அந்தத் தியாகத்துக்கு அதுவே பொருத்தமான பெயர். ஆனால் பிறந்த ஊரைக் கேட்டால் பலரும் திருப்பூர் என்றே விடையளிக்கிறார்கள். பெயருக்குமுன் நிற்கும் ஒரு சொல் மீதி வரலாற்றை எப்படி மூடிவிடும் என்பதை நாங்கள் தெருமுனைப் பேச்சிலேயே கண்டவர்கள்.

நண்பரிடம் மறுபடி பேசினேன். மூன்று வேலைகள்தான் கேட்டேன். இதழின் பெயரை எச்1இலிருந்து இறக்கிச் சாதாரண முகப்பெழுத்தாக்க வேண்டும். கட்டுரையின் பெயர், எழுதியவர், எதைப் பற்றியது என்ற மூன்றையும் எழுத்தாக, ஒரே ஒரு எச்1இல் இட வேண்டும். டைட்டில் குறியிலும் அவ்வாறே. சிவப்புத் தடிப்புகளை எச்2 ஆக்க வேண்டும். புதிய இதழ்களுக்கு வார்ப்புருவை ஒருமுறை திருத்தினால் போதும். பழையவற்றைக் கையால்தான் மாற்றியாக வேண்டும், அதற்கு ஆட்கள் வேண்டும். வாசகர்கள் ஆளுக்கு இருபது பக்கம் எடுத்துக்கொண்டால் ஒரு மழைக்காலத்தில் முடிந்துவிடும் என்றேன். முதலில் முணுமுணுத்தார். ஆசிரியர் இறந்த பிறகு அவர் வைத்த தலைப்பை மாற்ற நமக்கு உரிமை உண்டா என்று கேட்டார். நியாயமான கேள்வி. "இழை" அப்படியே இருக்கட்டும், அதன் பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளி வைத்து மீதியைச் சேர்ப்போம், ஐயர் பாட்டுக்குக் கீழே அடிக்குறிப்புச் சேர்த்ததைப் போல என்றேன்.

சென்ற வாரம் அந்தப் பக்கம் மாறியிருந்தது. "இழை: சென்னிமலைக் கைத்தறி நெசவாளர் ஒருவரின் நினைவுகள்" என்றும், அதன் கீழே அவர் பெயரும். தேடிப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில், இரண்டு போர்வைக் கடைகளுக்கு நடுவில் வருகிறது. மாணவிக்குச் சுட்டியை அனுப்பினேன். ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தாகிவிட்டது, நூலாக வரும்போது சேர்த்துக்கொள்கிறேன் என்று பதில் எழுதியிருக்கிறார்.